சீமைக்கருவைக்கு அடியில் ஒரு பழைய வயல்

ஏப்ரல் மாதம் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் கிழிந்த மீன்வலை மாதிரித் தெரிந்தது. கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கண்மாய். கரைக்குக் கீழே நாற்பது ஏக்கருக்குக் குறையாத தரிசு, தரிசு முழுக்கச் சீமைக்கருவை. அத்தை வீட்டுப் பங்கு நிலம் எந்த மூலையில் கிடக்கிறது என்று பார்க்கத்தான் பட்டாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்தால் கருவைக் காடு ஒரே பச்சையாக இல்லை. மரங்கள் வரிசை வரிசையாக அடர்ந்து, நடுவே வெளிறிய கட்டங்களை விட்டிருந்தன. கட்டம் என்றால் வயல், வரிசை என்றால் வரப்பு. அதுவரை சரி. ஆனால் மேற்குப் பக்கம், ஒரு வலைமேல் இன்னொரு வலையைக் கோணலாக விரித்த மாதிரி, இரண்டாவதாக ஒரு கூட்டம் கோடுகள் ஓடின. எஃப்எம்பி (நில அளவைப் புத்தக) வரைபடத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கோணல் கோடுகள் என்ன என்பதுதான் இந்த ஆய்வு. நான் தொல்லியல் படித்தவனில்லை, காரைக்குடியில் கட்டட வரைபடம் போடுகிறவன். ஊர்ப் பெயரை எழுதாததற்குக் காரணம் உண்டு. அங்கே இரண்டு பங்காளி வீடுகளுக்குள் வரப்பு வழக்கு நடக்கிறது. நான் போட்ட கோட்டை யாராவது கோர்ட்டுக்கு எடுத்துக்கொண்டு போனால் அத்தை என்னை வீட்டுக்குள் விடமாட்டார்.

இடம்

செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் ஆத்தங்குடிக் கல், தேக்குத் தூண், அரண்மனை மாதிரி வீடு என்று பார்த்துவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு நூறிலிருந்து நூற்றைம்பது வயசு. வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் கண்மாய்க்கு அதைவிடப் பல மடங்கு வயசு இருக்கலாம். யாரும் காரை நிறுத்திப் பார்ப்பதில்லை. பார்க்கவும் அங்கே ஒன்றும் இல்லை, மண்மேடுதான்.

இந்தப் பக்கம் வற்றாத ஆறு கிடையாது. மணிமுத்தாறு, தேனாறு, பாலாறு (வடக்கே காஞ்சிபுரம் போகிறதல்ல, நம் திருப்பத்தூர்ப் பாலாறு) எல்லாம் மழைக்கு ஓடி மழையோடு நிற்பவை. வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை. அதில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலம் கடலைப் பார்த்துத் தென்கிழக்காக மெல்லச் சாய்கிறது. அந்தச் சாய்வுக்குக் குறுக்கே பிறை மாதிரி வளைத்து மண்கரை போட்டால் கண்மாய். கரையில் வயலுக்குத் தண்ணீர் திறக்க மடை, ஓரத்தில் மிஞ்சிய தண்ணீர் வழியக் கலுங்கு. கலுங்கு தாண்டிய மறுகால் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு வரத்துக்கால். மேட்டில் செம்புறாங்கல் பொட்டல், பள்ளத்தில் நஞ்சை. முதுமக்கள் தாழியும் கல்வட்டமும் பெரும்பாலும் அந்தப் பொட்டலில்தான் கிடைக்கின்றன. நெல் விளையும் மண்ணைப் பிணத்துக்குக் கொடுக்க அந்தக் காலத்திலும் மனசு வந்திருக்காது.

நிலத்தைக் கூறுபோட்டு உரிமை வைத்திருந்த கதை இங்கே எவ்வளவு பழையது என்பதற்குப் பூலாங்குறிச்சிப் பாறைக் கல்வெட்டு இருக்கிறது. சேந்தன் கூற்றன் என்ற அரசன் காலத்தது, 192 என்று ஆண்டு சொல்கிறது (கி.பி. கணக்கல்ல), பொதுவாகக் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டு என்று வைக்கிறார்கள். அதிலேயே மீயாட்சி வேறு, காராண்மை வேறு. நிலத்தின் மேலுரிமை ஒருவருக்கு, உழுகிற உரிமை இன்னொருவருக்கு. இப்படிப் பிரித்துக் கல்லில் வெட்டும் அளவுக்குச் சிக்கல் இருந்திருக்கிறது என்றால், அப்போதே எது யார் நிலம் என்று காட்ட எல்லை இருந்திருக்க வேண்டும். எல்லை என்றால் வயலில் வரப்புதான்.

வரைபடம் என்று கேட்டால் கதை வேறு. இது சிவகங்கை ஜமீன் பூமி. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகு அளந்து போட்டதுதான் எங்கள் ஊர்ப் படம். சங்கிலி பிடித்தவர்கள் அன்றைக்கு இருந்த வரப்பை அளந்தார்கள். அன்றைக்கு இல்லாத வரப்பை அவர்கள் ஏன் அளக்கப்போகிறார்கள்?

வயல் ஏன் அகப்படுவதில்லை

பானை அகப்படுகிறது, எலும்பு அகப்படுகிறது, செங்கல் சுவர் அகப்படுகிறது. வயல் லேசில் அகப்படுவதில்லை. ராஜஸ்தானில் காளிபங்கனில் 1960-களில் தோண்டியபோது, சிந்துவெளி நகரங்களுக்கும் முந்தைய ஓர் உழுத வயலே கிடைத்தது. கிழக்கு மேற்காக ஓடும் சால்களுக்கு நடுவே சுமார் 30 சென்டிமீட்டர், வடக்கு தெற்காக ஓடுபவற்றுக்கு நடுவே 1.9 மீட்டர். அந்தப் பக்கத்து விவசாயிகள் அப்போதும் நெருக்கமான சாலில் கொள்ளும் அகலமான சாலில் கடுகும் போடுகிறார்கள் என்பதைத் தோண்டியவர்களே கவனித்து எழுதினார்கள். அயர்லாந்தில் மேயோ கவுண்டியில் பள்ளி ஆசிரியர் பாட்ரிக் கால்ஃபீல்ட் 1930-களில் ஒன்றைக் கவனித்தார். அடுப்புக்கு வெட்டும் கரிச்சேற்றுக்கு அடியில், ஆழத்தில், கற்கள் வரிசையாகக் கிடந்தன. பின்னால் தொல்லியல் படித்த அவர் மகன் சேமஸ், இரும்புக் கம்பியைச் சேற்றில் குத்திக் குத்தியே கல்வரிசைகளைத் தொடர்ந்து போனார். புதிய கற்கால வயல்களின் சுற்றுச்சுவர்கள் என்று தெரிந்தது. கேய்ஜே (Céide) வயல்கள் என்பது அவைதான்.

இரண்டு இடத்திலும் வயல் செத்துப்போனதால் பிழைத்தது. உழவு நின்றது, மேலே ஏதோ மூடியது, அப்படியே இருந்தது. நம் பக்கத்து நஞ்சை சாகவே இல்லை. வருஷா வருஷம் உழுது, சேற்றை வாரி வரப்பில் அப்பி, நண்டு வளையை மிதித்து மூடி, மறுபடி நட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். வரப்பின் மண் போன வருஷத்து மண், கோட்டுக்குத்தான் வயசு. பழைய வயலைத் தோண்டித் தேடு என்றால் எதைத் தோண்டுவது?

எங்கள் தரிசில் ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். இருபது வருஷத்துக்கு மேலாக உழவு இல்லை. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். ஆடு மாடு கருவை நெற்றைத் தின்று சாணியோடு விதையைப் போட்டது. உழவு கடைசிவரை நடந்த கட்டங்களில் செடி பின்னால்தான் வந்தது, வரப்பில் முதலிலேயே ஊன்றிவிட்டது. அதனால் இன்று வரப்பு மரம் மூத்த மரம், தலை பெரிய மரம். வானத்திலிருந்து பார்த்தால் அதுதான் கோடு. ஊரே திட்டும் கருவை எனக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தது.

ஆனால் இந்த விளக்கம் இப்போதைய வரப்புக்குத்தான் பொருந்தும். கோணல் கோட்டில் நின்று பார்த்தால் காலுக்குக் கீழே வரப்பே இல்லை, தரை சமமாக இருக்கிறது. அப்புறம் மரம் ஏன் அங்கே மட்டும் வரிசையாக உயர்ந்து நிற்கிறது?

முதல் தப்பு

முதல் நாளே ஒரு தப்புச் செய்தேன். அதை மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது. மேற்குப் பக்கக் கட்டங்களில் குனிந்து நடந்து அரைப் பை பானை ஓடு பொறுக்கினேன். அதில் நாலைந்து கறுப்பு சிவப்பு ஓடுகள். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, விளிம்பில் எண்ணெய் தடவிய மாதிரி மினுமினுப்பு. எனக்கு ஜுரம் மாதிரி ஏறிவிட்டது. சரி, இரண்டாயிரம் வருஷத்து வயல் என்று முடிவே கட்டிவிட்டேன்.

சாயங்காலம் கலுங்குப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன். முன்பு அந்தக் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக (வயல்களுக்குத் தண்ணீர் திறந்து விடுபவராக) இருந்தவர், எண்பதை ஒட்டிய வயசு. ஓட்டை வாங்கி வேட்டியில் துடைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க பொறுக்குனீங்க தம்பி?"

"மேலச் செய்யில, ஐயா."

"அது கம்மாய் வண்டலுங்க. எங்க அப்பா காலத்துல கோடைக்குக் கோடை வண்டியில அடிச்சுக் கொட்டுனது. உள்வாயில போய்ப் பாருங்க, கூடை கூடையா கிடக்கும்."

உள்வாயில், அதாவது கரைக்கு உட்பக்கம் கண்மாய்க்குள், போய்ப் பார்த்தேன். கிடந்தது. மேட்டுப் பொட்டலிலிருந்து மழை அரித்துக் கண்மாய்க்குள் கொண்டுவந்த ஓடு, வண்டலோடு வண்டியேறி வயலுக்கு வந்திருக்கிறது. அது போதாதென்று வீட்டுக் குப்பைக்குழி உரத்தோடு போன ஓடு, வளையல் துண்டு, உடைந்த பீங்கான் வேறு. வயலில் கிடக்கும் ஓடு பெரும்பாலும் பயணம் வந்த ஓடு. முனை மழுங்கி, விரல்நகம் அளவில், ஊருக்குக் கிட்ட அதிகமாகவும் தூரத்தில் குறைவாகவும் கிடந்தால் உரத்தோடு வந்தது. உள்ளங்கை அளவில், முனை கூராக, ஒரே இடத்தில் குவிந்து கிடந்தால்தான் அங்கே வீடு இருந்த நத்தம். ஓட்டின் வயசை வயலின் வயசாக எழுதக் கூடாது என்பதை அந்தப் பெரியவர் ஒரு நிமிஷத்தில் கற்றுக்கொடுத்தார்.

குட்டையின் சுவர்

உண்மையான சாட்சி அடுத்த ஆவணியில் வந்தது. தரிசின் மேல மூலையில் ஒருவர் பண்ணைக்குட்டை வெட்டினார். இயந்திரம் போன பிறகு குழியின் வடக்குச் சுவர் நெட்டுக்குத்தாக நின்றது. கோணல் கோடு ஒன்றையும் இப்போதைய வரப்பு ஒன்றையும் சேர்த்து அறுத்திருந்தது. நிலத்துக்காரர் ஒரு வாரம் அனுமதி கொடுத்தார். களைக்கொத்தால் சுவரைச் செதுக்கி, மருந்தடிக்கும் கைப்பம்பால் தண்ணீர் தெளித்து, காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது பார்த்தேன்.

மேலே ஒரு சாண் பொலபொலப்பான சாம்பல்நிற மண். அதற்கடியில் நாலு விரல் கனத்துக்கு இறுகிப்போன ஒரு தட்டு. கத்தி முனையை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் 'டக்' என்று நிற்கும். கலப்பை முனை போய் நிற்கும் ஆழம் அது. கீழே மாட்டுக் குளம்பும் சேறும் சேர்ந்து அழுத்தி வருஷக்கணக்கில் உண்டானது. அதற்கும் கீழே மஞ்சள் களிமண்ணில் துரு நிறத்தில் தலைமயிர் மாதிரிக் கோடுகள். நின்ற தண்ணீரில் நெல் வேர் ஓடிய தடங்கள், வேரைச் சுற்றி இரும்பு துருப்பிடித்துத் தங்கியவை. நஞ்சை நின்ற இடம் என்பதற்கு இதைவிடக் கையெழுத்து வேண்டாம்.

இப்போதைய வரப்புக்கு நேர் கீழே தட்டு இல்லை. வரப்பில் யாரும் ஏர் ஓட்டுவதில்லையே. இரண்டு பக்கமும் தட்டு வந்து வரப்பின் அடியில் நின்றுவிடுகிறது.

கோணல் கோட்டுக்கு நேரே வந்தபோது ஒன்றரை அடி ஆழத்தில் இரண்டாவதாக ஒரு தட்டு தெரிந்தது. அதுவும் இரண்டு பக்கமிருந்தும் வந்து, நடுவே இரண்டு முழ அகலத்துக்கு நின்றது. நின்ற இடத்தில் கவிழ்த்த தோணி மாதிரி ஒரு மண்வடிவம், பக்கத்து மண்ணைவிடச் சற்றுச் சிவப்பாக. அதன் தலையை மேல்தட்டு வெட்டிக்கொண்டு நேராகப் போகிறது. இது ஒரு வரப்பு. பின்னால் வந்தவர்கள் அதைச் சமன் செய்து அதன் மேலேயே உழுதிருக்கிறார்கள். ஆகவே கோணல் வலை முந்தியது, நேர் வலை பிந்தியது. இந்த வரிசை மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் கிடைத்தது.

மரக் கேள்விக்கும் அங்கேயே பதில் இருந்தது. பழைய வயல் இருந்த இடத்தில் வேர் இரண்டு தட்டைத் துளைக்க வேண்டும். பழைய வரப்பு இருந்த இடத்தில் ஒரே தட்டுதான். கருவைக்கு அந்த வித்தியாசம் போதும்.

மடை நகர்ந்த கதை

வரப்பை ஏன் மாற்றினார்கள்? இதுதான் எனக்கு உறுத்தியது. ஊரில் வரப்பை அரை முழம் நகர்த்தினாலே வெட்டுக்குத்து ஆகும். நகர்த்தினால் பக்கத்துச் செய்யின் (வயலின்) வாமடை, அதாவது தண்ணீர் நுழையும் வாய், மேடாகும், அதற்குக் கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் ஏறாது. ஒரு வரப்பை நகர்த்த முப்பது வீடு சம்மதிக்க வேண்டும். அப்படியிருக்க நாற்பது ஏக்கரில் பாதியை ஒட்டுமொத்தமாகத் திருப்பியிருக்கிறார்கள்.

கோணல் கோடுகளை வரைபடத்தில் மேல்நோக்கி நீட்டினேன். அவை இப்போதைய நடுமடைக்குப் போய்ச் சேரவில்லை. கரையின் மேற்கு வளைவில், மடையே இல்லாத ஓர் இடத்தைப் போய் முட்டின. பெரியவரைக் கூட்டிக்கொண்டு கரையில் நடந்தேன். அந்த இடத்துக்கு நேரே உள்வாய்க்குள் கையைக் காட்டி, "அங்க ரெண்டு கல்லு நிக்கும்ல, மாடு முதுகு சொறியும். அது குமிழிக் கல்லுன்னு எங்க தாத்தா சொல்லும்" என்றார்.

குமிழியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கரையிலிருந்து தள்ளி, கண்மாய்க்குள்ளேயே இரண்டு கல்தூண் நடுவார்கள். தூண்களுக்குக் குறுக்கே துளையிட்ட கற்பலகைகள். துளை வழியாக ஒரு மரக்கம்பு இறங்கி, கீழே கல்தொட்டியின் மேல்மூடியில் உள்ள துளையை அடைத்திருக்கும். கம்பைத் தூக்கினால் நீரோடித் துளை வழியாகத் தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடும் தூம்பு வழியாக வயலுக்குப் போகும். அடியில் சேறோடித் துளை தனியாக இருக்கும், சேறும் தண்ணீரோடு வெளியேறுவதற்கு. நீந்திப் போய் மூழ்கித் தூக்க வேண்டிய வேலை. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் குமிழி நாட்டியவர் பெயரைத் தூணில் வெட்டிவைத்திருப்பது உண்டு. எங்கள் தூணில் உளிக்கொத்து மட்டும் இருக்கிறது, எழுத்தில்லை. அரை நாள் மாவு பூசிப் பார்த்தும் இல்லை.

எழுத்து இல்லாவிட்டால் மட்டம் இருக்கிறது. தெரிந்த கொத்தனார் ஒருவரோடு ட்யூப் லெவல் பிடித்தேன். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையிலும் ஒரே மட்டம் பார்ப்போமே, வீட்டுக்குத் தளம் போடும்போது, அதே வித்தைதான். குமிழிக் கல்லிலிருந்து நடுமடைவரை பத்துப் பன்னிரண்டு நிலையாக மாற்றி மாற்றிப் பிடித்ததில், குமிழித் தொட்டியின் வாய் நடுமடையின் படிக்கல்லைவிட இரண்டேகால் அடி தாழ்வு என்று வந்தது. அன்றைக்கு அதன் மேல் ஓர் ஆள் உட்காரும் உயரத்துக்கு வண்டல்.

கதை அங்கே பிடிபட்டது. கண்மாய் மேடேறியது. தாழ்ந்த குமிழி சேற்றில் அடைத்துக்கொண்டது. தூர் வாரி வாரிப் பார்த்து முடியாமல், கரையின் வேறொரு இடத்தில் உயரமாகப் புது மடை வைத்தார்கள். மடை நகர்ந்ததால் தலைவாய்க்கால் நகர்ந்தது. தலைவாய்க்கால் நகர்ந்ததால் கிளைவாய்க்கால்கள் திரும்பின, அவற்றைப் பிடித்துக்கொண்டு வரப்புகளும் திரும்பின. முப்பது வீடும் சம்மதித்ததற்கு அதுதான் காரணம். சம்மதிக்காவிட்டால் யாருக்கும் தண்ணீர் இல்லை.

ஆகவே இந்தப் பக்கத்தில் பழைய வயல் தேடுகிறவர்கள் வயலில் தொடங்கக் கூடாது, கரையில் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். கண்மாயில் எத்தனை மடை செத்திருக்கிறதோ அத்தனை வயல் அடுக்கு கீழே இருக்க வாய்ப்பு. சோழர் கல்வெட்டுகளில் நிலத்துக்கு அடையாளம் சொல்லும் முறையைப் பாருங்கள்: இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இரண்டாங் கண்ணாற்று மூன்றாஞ் சதிரம் (கண்ணாறு கிளைவாய்க்கால், சதிரம் சதுரக் கட்டம்). அது பெரும்பாலும் ஆற்றுப் பாசனத்து பிரம்மதேய (பிராமணருக்குத் தானமாக விட்ட) ஊர்களின் கட்டம் பிரித்த நிலம், நம் கண்மாய்க்கீழ் நிலத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நிலத்துக்கு விலாசம் தண்ணீர்தான் என்பது இரண்டுக்கும் பொது.

ஒரு மா ஆசை

நாலு பக்கமும் தொடர முடிந்த பழைய கட்டம் ஒன்றே ஒன்று. கால் அங்குலக் கம்பியைத் தரையில் குத்திக்கொண்டே போய் (கேய்ஜேக்காரர்களிடம் திருடிய வித்தை) தட்டு ஒன்றா இரண்டா என்று பார்த்து ஓரம் கண்டுபிடித்தேன். 118 அடிக்கு 131 அடி. நிலம் அளக்கும் பதினாறு சாண் கோல் என்றால் பன்னிரண்டு அடி, ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. நம் கட்டம் 107 குழி சொச்சம். ஏழு குழியைக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிட்டால் 'பழந்தமிழர் அளவுப்படி ஒரு மா' என்று தலைப்பே போட்டுவிடலாம். கை அரித்தது, போடவில்லை. பதினெட்டடிக் கோலில் அளந்தால் அதே கட்டம் சுமார் 48 குழி. கோலும் ஊருக்கு ஊர் வேறு, ஒரு மாவுக்கு எத்தனை குழி என்பதும் வேறு. கோயில் அதிட்டானத்தில் (அடிப்பீடத்தில்) கோல் அளவைக் குறி வெட்டி வைத்திருக்கும் ஊராக இருந்தால் பேச இடமுண்டு. எங்கள் ஊர்க் கோயிலைத் திருப்பணியில் சிமெண்ட் பூசி மெழுகிவிட்டார்கள்.

நூற்றாண்டு சொல்ல வேண்டுமானால் வழி இருக்கிறது. அமுங்கிய வரப்பின் அடிமண் கடைசியாக வெயில் பார்த்தது எப்போது என்பதை மணல்துகள் ஒளி அளவில் கணிக்கலாம். வெளிச்சம் படாமல் இரும்புக் குழாயை அடித்து மண் எடுக்க வேண்டும். நெல்லிலைச் சிலிக்காத் துகளையும் அதே மண்ணில் தேடலாம். இரண்டுக்கும் ஆய்வகம் வேண்டும். அதற்குள் போன மாசியில் கருவை அகற்ற ஒப்பந்தம் எடுத்தவர் இயந்திரத்தைக் கொண்டுவந்து, வேரோடு பிடுங்குகிறேன் என்று மேற்குப் பக்கம் முழுக்க இரண்டடி ஆழத்துக்குப் புரட்டிவிட்டார். மேல்தட்டு, கீழ்த்தட்டு, கவிழ்ந்த தோணி எல்லாம் ஒரே குவியல். குட்டையின் வடக்குச் சுவரும் முதல் மழையில் சரிந்தது. குமிழிக் கல் இரண்டும் மட்டும் நிற்கின்றன. கிழக்கே பதினைந்து ஏக்கர் இன்னும் காடாகவே கிடக்கிறது. அங்கே கோணல் கோடு தெரியவில்லை.

படத்தை அச்செடுத்து அத்தையிடம் கொண்டுபோனேன். கறுப்புக் கோடு இப்போதைய வரப்பு, சிவப்புக் கோடு பழையது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏண்டா, இதுல நம்ம செய் எங்க?"

கறுப்புக் கோட்டில் விரல் வைத்துக் காட்டினேன். சிவப்புக் கோட்டின்படி பார்த்தால் அதில் பாதி வாய்க்காலுக்குள் இருந்தது. அதை அத்தையிடம் சொல்லவில்லை.